அடுத்த வாரமும் வருவீங்களா, மிஸ்?

விரிஞ்சிபுரத்தில் பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு வெகுநேரம் முன்பே கம்பெனி பஸ் வந்து போய்விடும். ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்கள் கையில் சாப்பாட்டுப் பையோடு நெடுஞ்சாலை ஓரத்தில் நிற்பார்கள். பஸ் போன பிறகு வீட்டில் அடுப்பைப் பார்ப்பது யார், தம்பியைக் குளிப்பாட்டுவது யார், இரவு குடித்துவிட்டு வந்து படுத்திருக்கும் அப்பாவை எழுப்புவது யார்? பெரும்பாலான வீடுகளில் இதற்கெல்லாம் ஒரே பதில்தான். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் மூத்த மகள். அவள் வகுப்பில் வந்து உட்காரும்போது ஒரு பெரிய மனுஷியின் அரைநாள் வேலையை முடித்திருப்பாள்.

வேலூரிலிருந்து பெங்களூரு சாலையில் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர் இது. வெளியூர்க்காரர்களுக்கு இங்குள்ள மார்க்கபந்தீஸ்வரர் கோயிலைத் தெரியும், அதன் மதிலழகைத் தெரியும், கார்த்திகைக் கடைஞாயிறைத் தெரியும். நான் இந்த ஊரையும் பொய்கை, பள்ளிகொண்டா, அணைக்கட்டு என்று சுற்றியுள்ள ஊர்களையும் அவற்றின் அரசுப் பள்ளிகள் வழியாகத்தான் அறிந்தேன். நான் உளவியல் ஆலோசகர். ஒரு சிறிய தொண்டு அமைப்பின் சார்பில் இந்தப் பகுதிப் பள்ளிகளுக்கு நெடுங்காலமாகப் போய்வருகிறேன். இங்கே சொல்லும் பிள்ளைகளின் அடையாளம் வெளியே தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பள்ளிகளில் எனக்கென்று அறை இருந்ததில்லை. சயின்ஸ் லேபில் உட்கார்ந்திருக்கிறேன், பி.டி. சாரின் விளையாட்டுச் சாமான் அறையில் உட்கார்ந்திருக்கிறேன். பெரும்பாலும் வேப்பமரத்தடிதான். மரத்தடியில் பேசுவது எல்லோர் கண்ணிலும் படும், யார் காதிலும் விழாது. பிள்ளையின் முதுகு வகுப்பறைப் பக்கம் இருக்கும்படி நாற்காலியைப் போட வேண்டும். அழுதால் கூடப் படிப்பவர்களுக்குத் தெரியக் கூடாது.

பேச்சைத் தொடங்கும்போதே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவேன். "நீ சொல்றத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சாலோ, யாராவது உன்கிட்டத் தப்பா நடந்துக்கிட்டாங்கன்னு தெரிஞ்சாலோ சொல்லித்தான் ஆகணும். அப்பவும் உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் செய்வேன்." 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் மறைத்தால் மறைத்தவருக்கும் தண்டனை உண்டு. அதனால் இந்த எல்லையை முதலிலேயே சொல்வதுதான் நேர்மை.

"உனக்கு என்ன பிரச்சினை?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் "ஒண்ணுமில்ல மிஸ்" என்றுதான் பதில் வரும். "இன்னிக்கு எத்தனை மணிக்கு எழுந்த? யார் எழுப்பினாங்க? அப்புறம்?" என்று அன்றைய நாளை மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டு வருவேன். பிள்ளைகள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். திடீரென்று ஓரிடத்தில் ஒரு மணி நேரம் காணாமல் போகும். ஏழு மணிக்குக் குளித்தேன் என்பாள், அடுத்த வார்த்தையில் பள்ளிக்கூட வாசலில் நிற்பாள். அவள் தாண்டிப்போன அந்த நேரத்தில்தான் நான் தேடும் விஷயம் இருக்கும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு நாள்தோறும் முதல் பீரியடில் வயிற்று வலி வரும். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். காத்து கருப்பாக இருக்கும் என்று பாட்டி மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டிருந்தார். கயிறை அவிழ்க்கச் சொல்லும் பழக்கம் எனக்கில்லை. அது பாட்டியின் அக்கறை, இருக்கட்டும். அந்தப் பெண்ணின் காலைப் பொழுதில் எட்டு மணியிலிருந்து ஒன்பதரை வரை காணவில்லை. முதல் நாள் வயிற்று வலியைப் பற்றி மட்டுமே பேசினாள். எழுந்து போகும்போது திரும்பி நின்று, "அடுத்த வாரமும் வருவீங்களா, மிஸ்?" என்று கேட்டாள். போனேன். அப்போதுதான் தம்பியைப் பற்றிச் சொன்னாள். அங்கன்வாடிக்கு ஆயா வந்து கதவைத் திறக்கும்வரை அவனை வைத்துக்கொண்டு வாசலில் காத்திருக்க வேண்டும். அவனை விட்டுவிட்டு ஓடிவருவதற்குள் பிரேயர் முடிந்துவிடும். தாமதமாக வந்ததற்காக எல்லோரும் பார்க்க வெளியே நிற்பாள். மூன்றாவது சந்திப்பில்தான், இரவில் அப்பா அம்மாவை அடிப்பதையும் தம்பி பயந்து இவளைக் கட்டிக்கொண்டு தூங்குவதையும் சொன்னாள்.

அம்மாவைப் பார்க்க வேண்டும். பள்ளிக்கு வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் மாலையில் கம்பெனி பஸ் வந்து நிற்கும் இடத்துக்கே போனேன். இறங்கியவர் பிசின் வாசனை போகாத கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே மேடம்" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றுவிட்டு, "நான் எப்ப இருக்கேன், சொல்றதுக்கு?" என்றார். அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை. அவர் சம்பளத்தில்தான் அந்தப் பெண் படிக்கிறாள்.

பிறகு செய்ததெல்லாம் எளிய காரியங்கள். அங்கன்வாடி ஆயாவின் வீடு அதே தெருவில்தான் இருந்தது. எட்டே முக்காலுக்குப் பையனைத் தன் வீட்டிலேயே வாங்கிக்கொள்ள அவர் சம்மதித்தார். தலைமையாசிரியை, வெளியே நிற்கவைப்பதை நிறுத்தச் சொன்னார். அம்மாவுக்குப் பெண்கள் உதவி எண் 181-ஐப் பற்றிச் சொல்லி, உடன் நிற்க ஆள் இருப்பதையும் தெரியப்படுத்தினோம். வயிற்று வலி சில வாரங்களில் குறைந்தது. மாத்திரை எதுவும் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது மூன்று சந்திப்புகள், அதுவும் ஒரே ஆளிடம்.

எங்கள் துறையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த பாடம். பிள்ளை முதல் நாளில் நம்மைச் சோதித்துப் பார்க்கும். சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லிவிட்டு, அது டீச்சர் காதுக்குப் போகிறதா, வீட்டுக்குப் போகிறதா என்று ஒரு வாரம் கவனிக்கும். போகவில்லை என்றால்தான் பெரிய விஷயம் வெளியே வரும். ஆகவே கிராமப்புறத்தில் உளவியலாளர் பற்றாக்குறையைப் பற்றிப் பேசும்போது எத்தனை பேரை அனுப்புகிறோம் என்பதோடு, அனுப்பியவர் அடுத்த வாரமும் அதே பள்ளியில் இருப்பாரா என்றும் கேட்க வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2013 வாக்கில் தமிழக அரசு பள்ளி மாணவர்களுக்காக நடமாடும் உளவியல் ஆலோசனை மையங்களைத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்தை ஒரு மாநில அரசு தன் பொறுப்பாக எடுத்துக்கொண்ட நல்ல முயற்சி அது. அப்போதிருந்த 32 மாவட்டங்களுக்கும் சேர்த்துப் பத்து வண்டிகள். மாநிலத்தில் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் ஏறத்தாழ 6,000. ஒரு வண்டி ஆண்டுக்கு 200 நாள், நாளுக்கு ஒரு பள்ளி என்று ஓய்வில்லாமல் ஓடினாலும், ஒரே பள்ளிக்குத் திரும்பிவர மூன்று ஆண்டுகள் ஆகும். ஒன்பதாவதில் பார்த்த பிள்ளையைப் பிளஸ் டூவில்தான் மறுபடி பார்க்க முடியும்.

தொலைபேசி உதவிகள் இருக்கின்றன. கல்வி உதவிக்கு 14417, மனநலத்துக்கு 2022 முதல் 14416, குழந்தைகளுக்கு 1098. இந்த எண்களை நான் போகும் ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையில் எழுதிப் போடுகிறேன். இவற்றால் உயிர்கள் காப்பாற்றப்படும் என்று நம்புகிறேன். ஆனால் ஒரே அறை உள்ள வீட்டில், அப்பாவின் போனை வாங்கி, அப்பாவைப் பற்றி ஒரு பெண் எப்படிப் பேசுவாள்?

பற்றாக்குறைக்குக் காரணம் படித்தவர்கள் இல்லாததல்ல. உளவியலில் எம்.எஸ்ஸி. முடித்து ஆண்டுதோறும் நிறையப் பேர் வெளியே வருகிறார்கள். ஆனால் மூத்தவர் ஒருவரின் கண்காணிப்பில் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் பயிற்சிக்கு இடங்கள் மிகக் குறைவு. அதை முடித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விடுகிறார்கள். போகாமல் என்ன செய்வார்கள்? அரசுப் பள்ளிகளில் பள்ளிக்கு ஓர் உளவியலாளர் என்று நிரந்தரப் பணியிடம் இல்லை. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். இதே அணைக்கட்டுத் தாலுகாவில் பீஞ்சமந்தை போன்ற மலையூர்கள் இருக்கின்றன. அங்கே போய்வரவே ஒரு நாள் ஆகும். சொந்த ஊர் வேறெங்கோ இருக்கும் இளம் உளவியலாளரை ஒப்பந்தச் சம்பளத்தில் அங்கே இருத்தி வைக்க முடியாது.

இந்தக் குறையின் விலை என்ன என்பதை வேலூர் மாவட்டம் நன்றாக அறியும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) மருத்துவர்கள், வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி ஒன்றியத்தில் 1992 முதல் 2001 வரை 10 முதல் 19 வயதுள்ளவர்களின் மரணங்களை ஆராய்ந்து, 2004-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்குப் பெண் பிள்ளைகளில் 148, ஆண் பிள்ளைகளில் 58 தற்கொலைகள். அந்த வயதுப் பெண்களின் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீடு வீடாகப் போய் விசாரித்து எழுதிய கணக்கு அது. போலீஸ் பதிவுகளில் இவ்வளவும் வந்திருக்காது. நான் இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு அன்று இரவு தூங்கவில்லை. அது தூரத்து நாடு இல்லை. பஸ் ஏறினால் போய்விடக்கூடிய ஊர்கள்.

2017 நவம்பரில், அன்று வேலூர் மாவட்டத்தில் இருந்த பனப்பாக்கத்தில் நான்கு பிளஸ் ஒன் மாணவிகள் ஒரே நாளில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பெற்றோரை அழைத்துவரச் சொல்லியிருந்தார்கள் என்று செய்திகள் வந்தன. ஒரு மரணத்துக்கு இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனால் எங்கள் பகுதிப் பள்ளிகள் எல்லாம் அந்த வாரம் ஆடிப்போயின. ஆசிரியர்கள் என்னைத் தேடிவந்து, "இனிமே ஒரு புள்ளையையும் ஒண்ணும் கேக்கக் கூடாது போல மேடம்" என்றார்கள். அதுவும் ஆபத்துதான். யாரும் எதுவும் கேட்காத பிள்ளை இன்னும் தனியாகிவிடும். 'அம்மாவைக் கூட்டிக்கிட்டு வா' என்ற சொல், கம்பெனிக்குப் போகும் வீட்டில் ஒரு நாள் சம்பள வெட்டு, அன்று இரவு ஒரு சண்டை. அதைச் சொல்வதற்கு முன்னால் பிள்ளையோடு பேச ஒரு மூன்றாவது ஆள் பள்ளிக்குள் வேண்டும் என்பதை அன்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

அந்த மூன்றாவது ஆளாக ஆசிரியரே இருந்தால் என்ன என்று கேட்பார்கள். அக்கறையுள்ள ஆசிரியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டைப் பையில் பிஸ்கட் பாக்கெட் வைத்திருந்து, சாப்பிடாமல் வரும் பிள்ளைக்கு யாரும் பார்க்காமல் கொடுக்கும் சார்கள் இருக்கிறார்கள். ஆனால் பாடம், பதிவேடு, எமிஸ் இணையப் பதிவு, தேர்ச்சி விகிதம் என்று அவர்கள் தலைமேல் இருப்பது கொஞ்சமல்ல. மார்க் போடுபவரிடமே மனதைத் திறப்பதும் பிள்ளைக்குக் கடினம்.

இதைச் சோதித்துப் பார்த்த நல்ல ஆய்வு ஒன்று உண்டு. பீகாரின் நாலந்தா மாவட்டத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் 'செஹர்' என்ற திட்டம் நடந்தது. சில பள்ளிகளில் இந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்ற, உளவியலாளர் அல்லாத ஆலோசகர் ஒருவர். சில பள்ளிகளில் அதே பாடத்திட்டத்தை நடத்தப் பயிற்சி பெற்ற ஆசிரியர். 2018-ல் வெளிவந்த முடிவு தெளிவாக இருந்தது. தனி ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மனச்சோர்வும் அடாவடியும் குறைந்தன, பள்ளியின் சூழலே மாறியது. ஆசிரியரிடம் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்த பள்ளிகளில் அந்தப் பலன் தெரியவில்லை.

எங்களுக்கு இதில் ஆச்சரியமில்லை. கணியம்பாடியில் சி.எம்.சி.யின் சமூக சுகாதாரத் துறை பல பத்தாண்டுகளாகக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, மேலே செவிலியர், அதற்கு மேலே மருத்துவர் என்று படிப்படியாக ஆதரவு வைத்துத்தான் தாய்சேய் நலத்தைப் பார்த்துவந்திருக்கிறது. அதே முறையைப் பள்ளிகளில் நாங்களும் சிறிய அளவில் செய்துபார்த்தோம். அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக இருந்த பெண்களிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்தோம். பிள்ளைகள் அவர்களை அக்கா என்றே கூப்பிட்டார்கள்.

தேர்வில் நாங்கள் பிடிவாதமாக இருந்த விஷயம் ஒன்று. அக்காவின் வீடு பள்ளி இருக்கும் தெருவில் இருக்கக் கூடாது, ஒரு பஸ் ஸ்டாப் தள்ளி இருக்க வேண்டும். ஊர்ப் பேச்சும் வழக்கும் தெரிந்தவராக இருக்க வேண்டும், ஆனால் பிள்ளையின் சித்தியோடு குழாயடியில் தண்ணீர் பிடிப்பவராக இருக்கக் கூடாது. ஊரும் காலனியும் பிரிந்து கிடக்கும் பகுதி இது. அதனால் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆள் எடுத்தோம். காலனிப் பிள்ளை வாய் திறக்குமா என்பது எதிரே உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பொறுத்தது என்பதை இங்கே வேலை செய்த எவரும் மறுக்க மாட்டார்கள்.

விதிகளும் உண்டு. முதல் இரண்டு சந்திப்புகளில் அறிவுரை கூடாது. நோட்டில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். பிள்ளையைக் கேட்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது. சாவைப் பற்றிய பேச்சு எந்த வடிவத்தில் வந்தாலும் அன்றைக்கே எனக்குப் போன். வாராவாரம் சனிக்கிழமை எல்லோரும் என்னோடு உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பேச வேண்டும். அந்தச் சனிக்கிழமைகள்தான் எனக்கு உண்மையான வேலை. ஒரு பள்ளியில் நான் உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு பள்ளிக்குத்தான் பயன். அக்காக்களின் பின்னால் நான் நின்றால் பல பள்ளிகளுக்குப் பயன்.

ஒரு நாள் ஓர் அக்கா ஷேர் ஆட்டோவில் வரும்போது, பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் தன் கிரிக்கெட் பேட்டைக் கூட்டாளியிடம் கொடுத்து, "நீயே வச்சுக்கடா, எனக்கு வாணாம்" என்று சொன்னதைக் கேட்டார். அந்த பேட்டை அவன் யாரையும் தொடவிட்டதில்லை என்பது அவருக்குத் தெரியும். அருமையாக வைத்திருந்த பொருளைத் திடீரென்று எடுத்துக்கொடுப்பது ஓர் எச்சரிக்கை என்று பயிற்சியில் பேசியிருந்தோம். அன்று மதியமே அவனைத் தனியாகக் கூப்பிட்டு, சுற்றி வளைக்காமல், "செத்துப் போயிடலாம்னு தோணுதாப்பா?" என்று கேட்டார். பையன் தலையை ஆட்டினான். அவர் அவனைத் தனியே விடவில்லை. நானும் பெற்றோரும் வந்து சேர்ந்தோம். அன்று மாலையே மனநல மருத்துவரிடம் போனோம். பையன் இப்போது ஐ.டி.ஐ. படித்து முடித்து வேலையில் இருக்கிறான். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ என்று பலரும் பயப்படுகிறார்கள். உண்டாக்காது. கேட்ட பிறகு பிள்ளைகள் முகத்தில் வரும் ஆறுதலை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உளவியலாளர் வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். ஏழாவதில் ஒரு பையன். கரும்பலகையைப் பார்த்து முத்துமுத்தாக எழுதுவான், சொல்வதை எழுதச் சொன்னால் ஒரு வரி வராது. மக்கு என்று பின் பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்கு மாமாவோடு போனால் தரகுக் கணக்கை மனதிலேயே போட்டுவிடுவான். அக்காதான் அவனைக் கண்டுபிடித்தார், ஆனால் அது கற்றல் குறைபாடு என்று உறுதிசெய்யப் பயிற்சி பெற்றவர் சோதிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்தக் குறைபாட்டையும் சேர்த்திருக்கிறது. உரிய மருத்துவச் சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகவும், சொல்வதை எழுத ஒருவரையும், ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கும் கேட்கலாம். இது தெரியாமல் படிப்பை நிறுத்திவிட்டு இந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் எத்தனையோ பேர்.

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும் என்று வழிகாட்டியது. சிறிய நிறுவனங்கள் வெளியிலுள்ள நிபுணரோடு முறையான தொடர்பு வைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் வரும்வரை இதுவே நாட்டின் சட்டம். தீர்ப்பைப் படித்தபோது நெஞ்சு நிறைந்தது. கூடவே கவலையும் வந்தது. ஆள் கிடைக்கவில்லை என்று இருக்கிற ஆசிரியர் ஒருவரின் பெயரைப் படிவத்தில் எழுதிவிட்டு முடித்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

எங்கள் அனுபவம் சொல்லும் வழி இது. ஒவ்வொரு பள்ளிக்கும் உள்ளூரில் பயிற்சி பெற்ற ஒருவர், வாரம் முழுவதும், இந்த வேலைக்கென்றே. பதினைந்து பள்ளிகளுக்கு ஓர் உளவியலாளர், ஒன்றியத்திலேயே தங்கி, வட்டார வள மையத்தில் மேசை போட்டு, நிரந்தரப் பணியிடத்தில். அவருக்கு மேலே மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி. மனநல மையம். குடும்பத்தையும் நோயாளியோடு தங்கவைத்துச் சிகிச்சை கொடுத்த முன்னோடி மையம் நமக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மேலே இவ்வளவு இருந்தும் பள்ளிக்கும் அவற்றுக்கும் நடுவில்தான் யாரும் இல்லை. பள்ளிக்குள் கதவு உள்ள ஓர் அறை வேண்டும். பெற்றோரைப் பார்க்கும் நேரம் கம்பெனி பஸ் வரும் நேரத்தை அனுசரித்து இருக்க வேண்டும்.

இந்த வேலைக்கான பெண்கள் விரிஞ்சிபுரத்திலும் பொய்கையிலும் அணைக்கட்டிலும் இப்போதே இருக்கிறார்கள். பிளஸ் டூ படித்தவர்கள், பட்டம் வாங்கியவர்கள், ஊரை அறிந்தவர்கள், பிள்ளைகளிடம் பொறுமையாகப் பேசத் தெரிந்தவர்கள். வேறு வேலை இல்லாததால் அவர்களும் காலையில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். பயிற்சி கொடுக்க என்னைப் போன்றவர்கள் தயாராக இருக்கிறோம். கௌரவமான சம்பளத்தோடு ஒரு பணியிடத்தை அரசு உருவாக்கிக் கொடுத்தால் வரும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே தொடங்கிவிடலாம்.